தேதி போடாத விண்ணப்பங்கள்

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், உரக்கடை மாடியில் இருக்கும் தொலைநிலைக் கல்வி மையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது என் மகளுக்கு ஒன்றரை வயது. அங்கே ஒரு வழக்கம் இருந்தது. விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்குவோம். தேதிக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிடுவோம். ஒவ்வொரு சேர்க்கைக்கும் பல்கலைக்கழகம் டெல்லியிலிருந்து அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கடிதம் எப்போதும் தாமதமாகத்தான் வரும். வந்ததும் மையப் பொறுப்பாளர் உட்கார்ந்து எல்லா விண்ணப்பங்களுக்கும் ஒரே மூச்சில் தேதி போடுவார். அனுமதிக்கு முந்தைய தேதி இருந்தால் விண்ணப்பம் செல்லாது.

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் வாரமே கல்வராயன் மலையிலிருந்து ஒரு பெண் வந்தார். அங்கன்வாடி உதவியாளர். பட்டம் இருந்தால் மேற்பார்வையாளர் தேர்வு எழுதலாம். இந்த வருடம் பி.ஏ. சேர்ந்தால்தான் வயது வரம்புக்குள் முடிக்க முடியும் என்று விரல் மடக்கிக் காட்டினார். அவர் கையெழுத்துப் போட்டதும் பக்கத்தில் நான் பேனாவால் தேதி எழுதினேன். கையெழுத்து என்றால் தேதியும் வேண்டும் என்றுதான் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அனுமதி மூன்று வாரம் கழித்து வந்தது. பொறுப்பாளர் அந்த விண்ணப்பத்தைத் தூக்கிப் பிடித்தார்.

“இன்னாம்மா, இதுல மட்டும் தேதி கீது?”

“நான்தாங்க சார் போட்டேன்.”

“நீ இன்னா தாசில்தாரா, வர்றவங்களுக்கெல்லாம் தேதி போட்டுக்கினு? வேற ஃபாரம் எடு. இதப் பாத்து அதே மாதிரி கையெழுத்த நீயே போட்டுடு. நாளான்னிக்குக் கடைசி நாளு.”

அந்தப் பெண்ணுக்கு அழைத்தால் மலையில் சிக்னல் இல்லை. ஒரு பழைய தாளின் பின்பக்கம் அவர் கையெழுத்தைப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது முறை அச்சு அசலாக வந்துவிட்டது. அப்படி வந்ததுதான் பயமாக இருந்தது. தாளைக் கிழித்துக் கைப்பையில் திணித்துக்கொண்டேன். குப்பைக்கூடையில் போடக்கூடத் துணிச்சல் வரவில்லை.

மறுநாள் உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு, புது விண்ணப்பத்தோடு வெள்ளிமலை பேருந்தில் ஏறினேன். மாமியார் ஊரில் இல்லாததால் மகளும் இடுப்பில். வடக்கனந்தல் தாண்டும்வரை தூங்கியவள், மலை வளைவுகளில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்று தோன்றியது. நானே கையெழுத்துப் போட்டிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? அவருக்கே தெரிந்திருக்காது.

அவர் அங்கன்வாடியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“ஒரு கையெழுத்துக்கா மேடம் புள்ளயத் தூக்கிக்கினு மலையேறுனீங்க? மூஞ்சி எப்படி வாடிப் போச்சி பாருங்க” என்று சிரித்தபடி மகளுக்குச் சத்துமாவு உருண்டை கொடுத்தார்.

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

“அப்ப நான் வந்தன்னிக்கு இந்தப் படிப்பே இல்லியா?”

“அனுமதி கேட்டிருந்தாங்க. வரலை.”

“வராமயே போயிருந்தா?”

“சொல்லியிருப்போம்.”

“எப்ப? என் வயசு போனப்புறமா?”

கைபேசியில் இருந்த அனுமதிக் கடிதத்தின் படத்தைக் காட்டினேன். வாங்கிப் பெரிதாக்கி வரி வரியாகப் படித்தார்.

“இந்த வருசத்துக்கு மட்டும்னு போட்டுகீது. நான் மூணு வருசம் படிக்கணுமே?”

அதுவரை நான் அந்தக் கடிதத்தை முழுதாகப் படித்ததில்லை. கீழே ஒரு வரி இருந்தது: அனுமதிக் காலத்தில் சேர்ந்தவர்கள், பிறகு அனுமதி நீட்டிக்கப்படாவிட்டாலும், படிப்பை முடிக்கலாம். அதை என்னை இரண்டு முறை சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகுதான் பேனாவை வாங்கினார்.

“இனிமே வர்றவங்களுக்காவது மொதல்லயே சொல்லுங்க மேடம். சும்மாவா பஸ் ஏறி வந்துகினு கீறோம்?”

அவர் இப்போது இரண்டாம் ஆண்டு படிக்கிறார். நானும் சொல்லத் தொடங்கிவிட்டேன். யார் வந்தாலும், அனுமதி இன்னும் வரவில்லை, யோசித்துக்கொள்ளுங்கள் என்பேன். சிலர் எழுந்து போய்விடுவார்கள். “நீ கடைய மூடாம வுடமாட்ட போலகீது” என்பார் பொறுப்பாளர்.

போன மாதம் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். நான் சொன்னதைக் கேட்டு, குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். நான்காம் நாள் அனுமதி வந்துவிட்டது. அவளை இரண்டு முறை கைபேசியில் அழைத்தேன், எடுக்கவில்லை. வேறெங்காவது சேர்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன். சேர்க்கை முடிய இன்னும் ஆறு நாள் இருக்கிறது. மகளுக்குச் சோறு ஊட்டும்போதும் இடது கையில் கைபேசியை வைத்திருக்கிறேன்.