ராத்தாவின் யன்னலுக்கு வந்த குருவிகள்

யன்னலுக்கு வெளியே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாதபடியால்தான் என் அக்கா, எங்கள் வழக்கில் ராத்தா, வெளியே பார்க்காமல் இருக்கிறா என்று நான் நம்பினேன். ஐம்பத்திரண்டு வயது, நாலு பிள்ளைகளுக்கு வாப்பா, பள்ளிவாசல் நிர்வாகத்திலும் இரண்டு வருஷம் குந்தி எழும்பியவன்; இருந்தும் அப்படித்தான் நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்தக் குறையைத் தீர்த்துவைக்கவும் புறப்பட்டேன்.

மச்சான், அதாவது ராத்தாவின் மாப்பிள்ளை, பெரும்போக நெல் வெட்டு முடிந்த கிழமையில் மௌத்தானார். அஸர் தொழுதுவிட்டு வந்து கதிரையில் இருந்து பிளேன்டி கேட்டவர். ராத்தா ஊற்றிக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து ராத்தா இத்தா இருந்தா. கணவனை இழந்த பெண்ணுக்கு நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளே காத்திருப்பு. அலங்காரம் இல்லை, அத்தர் இல்லை, ஊர் சுற்றுவது இல்லை, அந்நிய ஆண்கள் முன்னால் வருவது இல்லை. இதற்கு மேலே எங்கள் ஊரில் ஆளாளுக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்வார்கள். கண்ணாடி பார்க்கக் கூடாது என்பார் ஒருவர், வானத்தைப் பார்க்கக் கூடாது என்பார் இன்னொருவர். யாரும் யாரையும் திருத்துவதில்லை. கூடுதலாகக் கடைப்பிடித்தால் கூடுதல் நன்மைதானே என்று விட்டுவிடுவோம்.

நான் கூடப்பிறந்தவன், எனக்குத் தடை இல்லை. சுபஹ் தொழுதுவிட்டு நேரே ராத்தா வீட்டுக்குப் போய், அவவின் அறையில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு இருப்பேன். எங்கள் குடும்பத்தில் சிரிக்கவைப்பது என் வேலை. அதற்கு முதல் சபை ராத்தாதான். நான் ஏழு வயதில் ஓதப்பள்ளி லெப்பை மாதிரி நடந்து காட்ட, கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தவ சிரித்துச் சிரித்து சட்டியைக் கிணற்றுக்குள் விட்டிருக்கிறா. அந்தச் சிரிப்பை நம்பித்தான் நான் இவ்வளவு காலமும் பகிடிக்காரனாகப் பிழைத்தேன்.

இப்போது அது வரவில்லை. என்ன சொன்னாலும் "ம்." யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு இருப்பா, ஆனால் வெளியே பார்ப்பதில்லை. பார்வை இடையில் எங்கேயோ நின்றுவிடும்.

என் பயம் ஒரு விசித்திரமான பிராணி. காலையில் எலிக்குஞ்சாக எழும்பும், பகலில் எருமையாகிவிடும். ராத்தா ஒரு நாள் அரைக் கோப்பைச் சோற்றை மிச்சம் வைத்தா. நான் வீடு வந்து சேர்வதற்குள் அவ மெலிந்து, படுத்து, மௌத்தாகி, நாற்பதாம் நாள் கத்தத்துக்கு எத்தனை ஆடு அறுப்பது என்ற கட்டத்தில் நான் நின்றேன். மனைவியிடம் சொன்னேன்.

"அவவக் கொஞ்சம் சும்மா விடுங்க," என்றா மனைவி. "மாப்பிள்ள போய் ஒரு மாசம் ஆகல்ல. உங்கட பகிடிக்குச் சிரிக்கிறதுக்கா அவ இத்தா இரிக்கா?"

நியாயம்தான். ஆனால் சும்மா விடத் தெரிந்திருந்தால் நான் நானாக இருக்க மாட்டேனே.

ஒரு நாள் ஸ்டூலில் இருந்தபடி யன்னலுக்கு வெளியே நானே பார்த்தேன். சுனாமியில் கடல் வந்து போன பிறகு கட்டிய வீடு அது. வளவு முழுக்க வெள்ளை மணல். ஒரு முருங்கை, ஒரு செவ்வரத்தை, அதற்கு அப்பால் மதில். இத்தாவுக்காக மருமகள், ராத்தாவின் ஒரே மகள், கேற் பக்கம் புதுத் தகரம் வேறு அடித்திருந்தா. மருமகளின் மாப்பிள்ளை கட்டாரில். அவ விடிந்தால் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய்விடுவா. பகலெல்லாம் ராத்தாவுக்கு முன்னால் மணலும் தகரமும்தான். இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் நானும்தான் சிரிக்க மாட்டேன் என்று தோன்றியது. குருவிகளை வரவழைப்பது என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

குருவிகளைக் கல்யாண வீட்டு ஆட்கள் மாதிரி நினைத்திருந்தேன். சோற்றைக் கண்டால் வரும், வந்தால் போகாது. ஒரு பழைய தண்ணீர்ப் பெரலைக் கவிழ்த்து, அதன்மேல் சுளகை வைத்து, பழைய சோறும் பாண் துண்டும் போட்டேன். காகம் வந்தது. பிறகு அதன் சொந்தக்காரர்கள் வந்தார்கள். கல்முனைக் காகம் மீன் சந்தையில் வளர்ந்தது, அதற்கு யாரிடமும் மரியாதை இல்லை. கிணற்றடிச் சவுக்காரத்தைத் தூக்கியது. சந்தையில் எடுத்த மீன் தலைகளை எங்கள் சுளகில் வைத்துத் தின்றது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுப் பெண் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "உங்கட விருந்தாளி ஒராள் எங்கட தண்ணிப் பெரலுக்க சூரத் தலையப் போட்டுட்டுப் போயிரிக்காரு, வந்து எடுங்க," என்றா. நான் கையை வீசிக் காகங்களை விரட்டினேன். ராத்தா கட்டிலில் அப்படியே இருந்தா.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மௌலவியிடம் போனேன். மிகவும் கவலையான முகத்தை வைத்துக்கொண்டு, இத்தா இருக்கிற பெண்ணின் யன்னலுக்கு ஆண் குருவி வரலாமா, அது அந்நிய ஆணாகக் கணக்கெடுக்கப்படுமா என்று கேட்டேன். மௌலவி என்னைவிட வயது குறைந்தவர், என்னைவிடப் பொறுமையானவர்.

"முதல்ல ஒண்ட வரவழைங்க காக்கா," என்றார். எங்கள் பக்கம் அண்ணனுக்குக் காக்கா என்றுதான் சொல்வது. "வந்த பிறகு ஆணா பொண்ணா எண்டு பாப்பம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். ஒரு பகிடி சரிவந்தால் எனக்கு அரை நாள் பசி எடுக்காது.

எனக்கு வழி தெரிந்தது சவளக்கடைப் பக்கம் எங்கள் வயலில் வைத்துத்தான். முப்பது வருஷமாக நான் அங்கே செய்தது குருவி விரட்டும் வேலை. பளபளக்கும் நாடா கட்டுவேன், தகரம் தட்டுவேன், வெள்ளைச் சட்டை போட்ட வெருளி நாட்டுவேன், மறைந்து இருக்க இடம் கிடையாதபடி வரப்போரப் பற்றைகளை வெட்டுவேன். அன்று வரப்பில் நின்றபோதுதான் உறைத்தது: ராத்தாவின் வளவிலும் இதே ஏற்பாடுதான். வெயிலில் மின்னும் தகரம். ஒதுங்க ஒரு பற்றை இல்லாத மணல். நடுவில், வெள்ளைச் சாரனோடு கையை வீசிக்கொண்டு நான். இதைவிட நல்ல வெருளியை எந்த வயலிலும் நான் கண்டதில்லை.

எல்லாவற்றையும் திருப்பிச் செய்தேன். தகரத்தின் மேல் பழைய சாக்கைக் கட்டினேன். காய்ந்த கிளுவைக் கொப்புகளைக் கொண்டுவந்து யன்னலுக்கு நேரே குவித்தேன், குருவி வந்து இருந்து நாலு பக்கமும் பார்த்துவிட்டு இறங்குவதற்கு. சோற்றை நிறுத்தினேன். அது காகத்துக்கு எழுதின அழைப்பு. மருந்து அடிக்காத மூலையில் வெட்டுக்குத் தப்பி நின்ற கதிர்களை அறுத்துப் பிடியாகக் கட்டி, காகத்தால் கால் வைத்து நிற்க முடியாதபடி முருங்கையின் மெல்லிய கொப்பில் தொங்கவிட்டேன். செவ்வரத்தைக்குப் பக்கத்தில், பூனை பதுங்கி வந்தால் தெரிகிற தூரத்தில், ஒரு தட்டையான மண்சட்டியில் இரண்டு விரல்கடை ஆழத்துக்குத் தண்ணீர். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் சட்டியைக் கழுவித் தண்ணீரை மாற்றிவிட்டு உள்ளே வந்துவிடுவேன். வெளியே நிற்பதில்லை.

தானியத்தைவிடத் தண்ணீர்தான் வேலை செய்தது. கச்சான் காற்று தொடங்கி ஊரே காய்ந்து கிடந்த நேரம். முதலில் புலுனிக் கூட்டம், ஏழெட்டு, குடும்பத்தோடு சண்டை பிடித்துக்கொண்டு வந்து குளித்தன. கொண்டைக்குருவிகள் சோடியாக வந்தன. பிறகு கதிரைத் தேடிச் சின்ன நெல்லுக்குருவிகள். வயலில் நான் திட்டித் தீர்க்கிற அதே சாதி. "வாங்க, வாங்க" என்று நான் அதுகளுக்குச் சொன்னதை யாராவது விவசாயி கேட்டிருந்தால் எங்கள் சங்கத்திலிருந்து என்னை விலக்கியிருப்பார்கள்.

ராத்தாவின் கவனம் யன்னலுக்கு வெளியே திரும்பியது. உண்மையாகவே திரும்பியது. தலையைச் சற்றுச் சரித்து, அசையாமல் இருந்தா.

"தெரியுதா ராத்தா?"

"ஓம், தெரியுது."

"எத்தின நிக்கி?"

கொஞ்சம் பொறுத்து, "நாலு," என்றா.

கொப்பில் ஒன்றே ஒன்றுதான் நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ராத்தா பகிடி விடுகிறா என்று வீட்டுக்கு ஓடிப்போய் மனைவியிடம் சொன்னேன். ஒன்றை நாலு என்கிறா, என்னிடமே விளையாடுகிறா, இனிப் பயமில்லை என்றேன். மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தா.

அதன்பிறகு அது எங்கள் காலை வழக்கமாகிவிட்டது. ராத்தா கேட்பா, "இப்ப வந்தது என்ன நிறம், நீ சொல்லு." நான் கிரிக்கெட் வர்ணனை மாதிரி ஆரம்பிப்பேன். கொண்டைக்குருவிக்குப் பின்பக்கம் சிவப்பு, உட்கார்ந்த இடத்தில் யாரோ வெற்றிலை துப்பி வைத்திருக்கிறார்கள் என்பேன். மூத்த புலுனி எங்கள் பெரியப்பா மாதிரி எல்லாரையும் பேசிவிட்டு முதலில் குளிக்கிறது என்பேன். ஒரு நாள் ராத்தா சிரித்தா. சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. என் சொல்லில் அவவுக்கு அவ்வளவு விருப்பம், கண்ணால் பார்ப்பதைவிட நான் சொல்லிக் கேட்பதைத்தான் ரசிக்கிறா என்று எடுத்துக்கொண்டேன். நான் எதையும் என் திறமை என்று எடுத்துக்கொள்ளக்கூடியவன்.

ராத்தாவுக்குப் பத்துப் பன்னிரண்டு வருஷமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. குளிசையை மருமகள் பாமசியில் வாங்கிவந்து தவறாமல் கொடுத்தா. கிளினிக்குக்குக் கூட்டிப் போய்வந்தது மச்சான், அவரது ஓட்டோவில். ஓட்டோ அவர் நிறுத்திய இடத்திலேயே வீட்டுக்குப் பின்னால் நின்றது. அதைத் தொட எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. கிளினிக் என்ற சொல் அந்த நாலு மாதத்தில் என் நினைவுக்கு ஒரு தரமேனும் வரவில்லை. குருவிக்குத் தண்ணீர் மாற்றுவதை நான் ஒரு நாளும் மறக்கவில்லை.

இத்தா முடிந்த அன்று ராத்தா குளித்துப் பூப்போட்ட சாரி உடுத்தா. சொந்தக்காரப் பெண்கள் வீட்டு மண்டபத்தில் பாய் விரித்து, தேநீர்க் கோப்பைகளோடு காத்திருந்தார்கள். ராத்தா அறை வாசலில் நின்றா. சுவரில் கையை வைத்தா. நிலைப்படியைக் காலால் தேடித் தாண்டி, இரண்டு அடி வந்து, தேநீர்த் தட்டத்துக்குள் காலை வைத்தா. கோப்பைகள் சரிந்தன.

பழக்க தோஷம், என் வாய் முந்திவிட்டது. "என்ன ராத்தா, நாலு மாசத்துல நடக்கவும் மறந்து பெய்த்தா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். ராத்தா என் குரல் வந்த பக்கம் கையை நீட்டினா.

"தம்பி, கையப் புடி. எனக்கு ஒண்டும் தெரியுதில்ல."

அறைக்குள் கூட்டிப்போய்க் கட்டிலில் இருத்தினேன். மருமகள் பக்கத்தில் நின்று அழுதா. எப்போதிலிருந்து என்று கேட்டேன். மச்சான் போய் ஒரு மாதம் போலக் கறுப்பு நூல் மாதிரி கண்ணுக்குள் ஆடியதாம். பிறகு புகை மூடிய மாதிரி ஆகி, அது விலகவே இல்லையாம்.

"அப்ப குருவி?"

"சத்தம் கேட்டிச்சு."

"ஏன் ராத்தா என்னட்டச் சொல்லல்ல?"

"சொன்னா ஆசுபத்திரிக்கு வா எண்டு நிப்பாய். இத்தாவ முறிச்சிப்போட்டு மறுமையில அவர்ர முகத்த நான் எப்பிடிப் பாக்கிற?" என்றா. கொஞ்ச நேரம் என் கையைத் தடவிக்கொண்டிருந்தா. "நீயும் பாவம். அதுகள் வந்ததுக்கு எவ்வளவு சந்தோசப்பட்டாய்."

செய்தி கேட்டு மௌலவி மாலையில் வந்தார். வாசலோடு நின்று, மருந்துக்குப் போய்வர மார்க்கத்தில் தடையே இல்லை, இத்தாவிலும் தாராளமாகப் போகலாம் என்று சொன்னார். சத்தத்தைக் குறைத்து, யாராவது என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார். அவரிடம் கேட்கப் போனவன் நான்தான். கேட்டது வேறு.

ராத்தாவின் கிளினிக் கொப்பியை ஓட்டோவின் சீட்டுக்குக் கீழே கண்டெடுத்தோம். கண்ணுக்கு லேசர் பிடிக்க வரச்சொல்லித் திகதி போட்டிருந்தது. மச்சான் மௌத்தாகிப் பன்னிரண்டாம் நாள்.

இடது கண் முழுதாகப் போய்விட்டது. வலது கண்ணில் வெளிச்சமும் இருட்டும் தெரிகிறது, ஆள் தெரிவதில்லை. அதற்கு மூன்று தடவை லேசர் பிடித்தார்கள். மிச்சம் இருப்பதைக் காப்பாற்றத்தான் அது, போனதைத் திருப்பித் தராது என்று டொக்டர் சொன்னார். கொப்பியில் போட்ட அந்தத் திகதிக்குக் கூட்டி வந்திருந்தால் பெரும்பாலும் இரண்டு கண்ணையும் காப்பாற்றியிருக்கலாம் என்றும் சொன்னார்.