மாப்பிள்ளை வேனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின்

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்ததும் ஆண் ஒரு பெட்டியோடு வந்து மனைவியின் வீட்டில் குடியேறுவார். என் கணவரும் அப்படித்தான் வந்தார், குறை சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியை வைத்தார், கொஞ்சக் காலம் இருந்தார், அதே பெட்டியோடு கத்தாருக்குப் போனார். வருடக்கணக்கில் அங்கே கிடந்துவிட்டுத் திரும்பி வந்தவர், ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு பழைய வேன் ஒன்றைக் கயிறு கட்டி இழுத்துவந்து என் வளவுக்குள் நிறுத்தினார்.

வேன் என்று அவர்தான் சொன்னார். வட்டக் கண் விளக்கு இரண்டும் நான் பிறப்பதற்கு முந்திய ஜப்பானைச் சேர்ந்தவை. தரைத் தகட்டில் ஓட்டை, அதனூடாக என் வீட்டு மணல் தெரிந்தது. பின் சீட்டுக்குக் கீழே யாருடைய கோழியோ அடை கிடந்த தடயம்.

"மாஷா அல்லாஹ், சாமானப் பாத்தியா?" என்றார்.

"பாத்தன். கோழியும் சேத்தா வாங்கின?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. வேனின் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இது மட்டும் ஓடி உழைச்சிச்செண்டா, நான் மறுகா கத்தாருக்குப் போகமாட்டன்."

எங்கள் மகளுக்குப் பல் முளைத்தது, அவள் விழுந்தெழும்பி நடந்தது, முதல் நாள் பள்ளிக்கூடம் போனது எல்லாவற்றையும் போனில் பார்த்த மனிதர் இவர். போனுக்குள் இருந்த வாப்பா வீட்டுக்குள் நடமாடுவதைக் கண்டு மகள் ஒரு கிழமை கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். இப்போதுதான் அவர் மடியில் ஏறத் தொடங்கியிருந்தாள். கத்தார் முதலாளியோ "எப்ப வாற?" என்று போன் எடுத்துக்கொண்டேயிருந்தார். அதனால் இந்த வேன் ஓட வேண்டும் என்று நான் கேட்காத துஆ இல்லை. வாயில் வருவது நக்கல்தான், அது என் பிறவிக் குணம்.

திட்டம் இரண்டு. ஊரில் கலியாணங்களுக்கு மாப்பிள்ளை வேன். கலியாணம் இல்லாத நாட்களில் அறுகம்பே கடற்கரைக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்குச் சுற்றுலா வேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பழைய எஞ்சின் மௌத்தாகிவிட்டது. புத்தியுள்ள மனிதர் என்ன செய்வார்? அதே மாதிரி இன்னொரு எஞ்சினைத் தேடிப் போடுவார். இவருக்கு அது கௌரவக் குறைச்சல். சாய்ந்தமருதில் கராஜ் வைத்திருக்கும் கூட்டாளி ஒருவர் இருந்தார். அவர் போனில் வீடியோ பார்த்தே மெக்கானிக் படிப்பில் உச்சிக்குப் போனவர். இரண்டு பேரும் கொழும்புக்குப் போய், ஜப்பானில் நடுவால் வெட்டி அனுப்பிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் முன்பாதியை லொறியில் ஏற்றிவந்தார்கள். அதற்கு ஹாஃப் கட் என்று பெயராம். சிவப்பு மூஞ்சி, பின்னால் ஒன்றுமில்லை. பார்க்க வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் "பாவம், மற்றப் பாதி எங்க?" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

எஞ்சினைக் கழற்றுவதற்கு என் மாமரத்துக் கிளையில் சங்கிலி கட்டினார்கள். கொடிக் கயிற்றை அவிழ்த்து எறிந்தார்கள். உடுப்புக் காயப்போட எனக்கு இடமில்லை, எஞ்சினுக்கு மட்டும் நிழல், பாய், மேலே போர்த்த என் பழைய பெட்சீட். எனக்குக் காய்ச்சல் வந்தால்கூட இப்படிப் போர்த்திவிட்ட ஞாபகம் இல்லை.

அந்த மாதிரி வேன்களில் எஞ்சின் இருப்பது முன் சீட்டுக்குக் கீழே. ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சின் அதற்குள் அடங்குமா? நீளமும் கூட, உயரமும் கூட. தரையை வெட்டினார்கள், பற்றவைத்தார்கள், மறுபடி வெட்டினார்கள். கடைசியில் எஞ்சின் இரண்டு சீட்டுக்கும் நடுவே பெருத்த விருந்தாளியைப் போல எழுந்து உட்கார்ந்துகொண்டது. அதன் மேல் தகட்டால் ஒரு மூடி செய்தார்கள். எல்லாம் சரி, ரேடியேட்டருக்குக் காற்றடிக்கும் ஃபேன் மட்டும் கையில் மிஞ்சி நின்றது. அதை வைக்க இடமில்லை.

நான் பிளேன்டீயோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். "காக்கா, அந்த ஃபேன் தேவையில்லையா?" என்று, அண்ணன் முறையான மெக்கானிக்கிடம் கேட்டேன்.

"தங்கச்சி, இது ஓடுற எஞ்சின். ஓடக்குள்ள முன்னால காத்து தானா வந்து அடிக்கும். இத ஆரு மெதுவா ஓட்டப்போற?" என்றார் அவர்.

"விசர்க் கேள்வி கேக்காம போய் வேலையப் பாரு," என்றார் என் கணவர்.

போனேன். அந்த ஃபேன் கொஞ்ச நாள் கோழிக்கூட்டு வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

சோதனை ஓட்டம் மாவடிப்பள்ளிப் பக்கத்து வயல் வெளியில். நானும் மகளும் ஏறினோம். வயலை ஊடறுத்துப் போகும் அந்தத் தாம்போதி றோட்டில் இவர் ஒரு அமுக்கு அமுக்கினார் பாருங்கள், அல்லாஹ்வே! என் முக்காடு பின் கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. மருந்தடிக்கிற இயந்திரத்தை முதுகில் சுமந்தபடி வரம்பில் நின்ற மனிதர் வாயைத் திறந்தவர் மூடவில்லை. மகள் "இன்னும், வாப்பா, இன்னும்!" என்று கத்தினாள். இவர் முகத்தைப் பார்த்தேன். கத்தாரிலிருந்து வந்த பிறகு அப்படி ஒரு சிரிப்பை நான் கண்டதில்லை. சும்மா சொல்லக்கூடாது, எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

முதல் ஓட்டம் என் தங்கச்சியின் கலியாணம். மாப்பிள்ளையை எடுத்துவர நாங்கள்தான் வாகனம் அனுப்ப வேண்டும். "என்ட சகலனுக்கு என்ட வேன்தான்," என்று இவர் மார்தட்டினார். வேனுக்கு மல்லிகைச் சரம், பலூன், வெள்ளை ரிப்பன். எஞ்சின் மூடிக்குப் பச்சை வெல்வெட் விரிப்பு.

இப்போது எங்கள் ஊர் மாப்பிள்ளை ஊர்வலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் நடுவே நாலைந்து தெருதான் இருக்கும். முன்னால் பொல்லடிக்காரர்கள் கோலோடு கோல் தட்டி ஆடிக்கொண்டு வருவார்கள். சந்திக்குச் சந்தி நின்று ஒரு சுற்று ஆடுவார்கள். வாசலுக்கு வாசல் பெண்கள் மாப்பிள்ளையை எட்டிப் பார்ப்பதற்காக இன்னும் கொஞ்சம் நிற்பார்கள். பின்னால் சொந்தபந்தமெல்லாம் கதைத்துக்கொண்டு நடந்துவரும். இத்தனைக்கும் நடுவில் மாப்பிள்ளையின் வாகனம் ஊர்ந்து வரும். ஆமை பார்த்தால் ஹோர்ன் அடித்து வழி கேட்கும். சுருக்கமாகச் சொன்னால், நம்முடைய வேன் உழைக்க வேண்டிய தொழிலே இந்த ஊர்தல்தான். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு ஆண்பிள்ளைகள், தாங்களும் இதே ஊர்வலத்தில் மாப்பிள்ளையாக உட்கார்ந்து வந்தவர்கள், மாதக்கணக்கில் மாமரத்தடியில் குந்தியிருந்து இதை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. "இத ஆரு மெதுவா ஓட்டப்போற?" என்றார்களே!

நாங்கள் பெண்கள் தங்கச்சி வீட்டு வாசலில் காத்து நின்றோம். பொல்லடிச் சத்தம் கிட்ட வந்தது, பிறகு நின்றது. பொல்லடிக்குப் பதிலாக "தண்ணி! தண்ணி கொண்டு வாங்க!" என்ற சத்தம். தெருவிலிருந்த வீடுகளிலிருந்தெல்லாம் வாளிகள் ஓடின. எங்கோ நெருப்பு என்று நினைத்து உம்மா யாசீன் ஓதத் தொடங்கிவிட்டார்.

நடந்தது இதுதான். இரண்டாவது சந்தியிலேயே வெல்வெட் விரிப்பிலிருந்து புகை கிளம்பியதாம். மாப்பிள்ளை மரியாதைக்காகப் பேசாமல் இருந்திருக்கிறார். மூன்றாவது சந்தியில் தண்ணீர் கொதித்து, தரைத் தகட்டு இடுக்கெல்லாம் ஆவி சீறிக்கொண்டு வந்ததும், மரியாதையை விட்டுவிட்டு செர்வானியோடு கதவைத் திறந்து குதித்துவிட்டார். ஆளுக்கு ஒரு காயமும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஆவியிலும் வியர்வையிலும் அவித்தெடுத்த மாதிரி வந்து சேர்ந்தார். தலைப்பாகை கையில். அவருக்குப் பின்னால் ஊரே சேர்ந்து வேனைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இவர், நேரே பார்த்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல்.

வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவ என் தம்பி செம்போடு நின்றான். காலைப் பார்த்தான், செம்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"கழுவு, கழுவு," என்றேன். "மற்ற இடமெல்லாம் உன்ட மூத்த மச்சான் வேனுக்குள்ளயே கழுவித்தார்."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேனடியில் இவர் தனியாக நின்றதைப் பிறகுதான் கண்டேன். சிரிப்பு நின்றுபோனது.

மறுகிழமையே அந்த ஃபேனையும், அதோடு இன்னொன்றையும் எப்படியோ உள்ளே புகுத்திப் பூட்டினார்கள். இடம் இருந்திருக்கிறது. வேன் அதற்குப் பிறகு ஒரு நாளும் கொதிக்கவில்லை. வீட்டைச் சுற்றி நடை வேகத்தில் ஓட்டி ஓட்டி எனக்கும் காட்டினார். என்ன பயன்? ஊர் அதற்குள் "சுடுதண்ணி வேன்" என்று பெயர் வைத்துவிட்டது. இந்த ஊரில் ஒரு பட்டப்பெயர் விழுந்தால் அது பேரப்பிள்ளை வரைக்கும் போகும். யார் தன் மாப்பிள்ளையை அதில் ஏற்றுவார்? "வேன் நல்லம், ஆனா எங்கட மாப்பிள்ளைக்கு ஏசி கார் சொல்லிட்டம்," என்று மரியாதையாகச் சொன்னார்கள். அறுகம்பேயிலும் கை கொடுக்கவில்லை. அங்கே வருகிறவர்கள் அவசரப்படாமல் இருப்பதற்கென்றே கடல் தாண்டி வருகிறார்கள். எங்கள் எஞ்சினின் உறுமலைக் கேட்டுவிட்டு ஓட்டோ பிடித்துப் போனார்கள்.

ஒரு நாள் பகல் சாப்பாட்டில், சோற்றைப் பிசைந்துகொண்டே, "விசா வந்திரிக்கி," என்றார். நான் மீன் துண்டை அவர் சோற்றுக் கோப்பையில் வைத்தேன். நக்கல் ஒன்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

விமான நிலையத்துக்கு பஸ்ஸில் போகிறேன் என்றார். நான்தான் விடவில்லை. வேனில் போவோம், தம்பி திரும்ப ஓட்டிவரட்டும் என்றேன். சுபஹ் தொழுதுவிட்டுக் கிளம்பினோம். அம்பாறை தாண்டியதும் வேன் பறந்தது. மகள் பின்னால் தம்பியின் மடியில் தூங்கிப்போனாள். மஹியங்கனைக்கு அப்பால் மலை ஏறத் தொடங்கியபோது வழி நெடுக லொறிகள் மூச்சு வாங்கி ஓரத்தில் நின்றன. நான் வெப்பம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "யா அல்லாஹ், இப்ப கொதிக்கட்டும். இந்த வளைவில நிக்கட்டும். பிளேன் இவர விட்டுட்டுப் போகட்டும்," என்று ஒவ்வொரு வளைவிலும் கேட்டேன். முள் அசையவேயில்லை.

விமான நிலையத்துக்கு அவ்வளவு நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம், உள்ளே போகிறவர்களின் வரிசைகூட இன்னும் தொடங்கவில்லை. இவர் எஞ்சின் மூடியில் கை வைத்துப் பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தியா, மலையிலயும் ஒரு சொட்டுத் தண்ணி கேக்கல்ல," என்றார்.

"ஓம்," என்றேன். "நல்லா ஓடிச்சி."