எண்ணெய் தடவிய மூக்குக்கண்ணாடி

சண்முகசுந்தரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார். சட்டைப் பையிலிருந்து சின்னத் தைல டப்பா ஒன்றை எடுத்து, மூடியைத் திருகி, சுண்டுவிரல் நுனியால் தேங்காய் எண்ணெயைத் தொட்டு, இரண்டு வில்லைகளின் நட்ட நடுவிலும் ஒவ்வொரு பொட்டு வைக்கிறார். எண்ணெய் ஓரத்தில் படக் கூடாது. பட்டுவிட்டால் வேட்டி நுனியால் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோழி பார்ப்பது போலத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, சுவரோரம் சாத்தியிருக்கும் டைல்ஸை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகிறார்.

தேனாம்பேட்டையில் இருக்கும் அந்த டைல்ஸ் கடைக்கு இந்தக் காட்சி பழகிவிட்டது. முதல் நாள் மட்டும் விற்பனையாளர் ஆசிஃப் பதறிப்போய், பெரியவருக்குப் பார்வையில் ஏதோ கோளாறு என்று கையைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். எனக்குக் கண் இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது, டைல்ஸைக் காட்டுங்கள் என்று கையை உதறிக்கொண்டு எழுந்தார் சண்முகசுந்தரம்.

"அப்போ கண்ணாடியத் தொடச்சுட்டுப் பாருங்களேன் அங்கிள்."

"தொடச்சா எனக்கில்ல தெரியும்? எனக்குத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்?"

தெரியவேண்டியது அவருடைய மனைவி ரத்னாவுக்கு. அதைத்தான் அவர் யாரிடமும் சொல்வதில்லை. ஆசிஃபிடம் கூட நாலாவது தடவை போனபோதுதான், டீ வாங்கிக் கொடுத்து, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னார்.

அடையாறு காந்தி நகரில் மாமரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் பழைய வீடு அவருடையது. கிண்டியில் பம்பு செட்டுகளுக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருந்தவர். கல்யாணமான புதிதில், மனைவி கல்லூரி நாட்களில் மாநில அளவில் நீச்சலில் மெடல் வாங்கியவள் என்பதை அவளுடைய பழைய தகரப் பெட்டியைத் திறந்துதான் தெரிந்துகொண்டார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொல்லி என்ன ஆகப்போகிறது என்றாளாம். அவ்வளவுதான். மகள் கயல் பிறந்த வருஷம், பட்டறை கொஞ்சம் நிமிர்ந்ததும், கார் ஷெட் கட்ட வைத்திருந்த பின்கட்டு இடத்தில் குளம் தோண்டிவிட்டார். தெருவே சிரித்தது. வீட்டில் கார் இல்லை, குளம் இருக்கிறது. அதைவிடச் சிரிப்பு, குளம் கட்டியவருக்கு நீந்தத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. முழங்கால் நனையப் படியில் உட்காருவதோடு சரி.

ஆனால் கரையில் நிற்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தினமும் விடிந்ததும் ரத்னா தண்ணீரில் இறங்கும்போது, தோளில் துண்டோடு மாமரத்தடியில் நிற்பார். பேப்பர் போட வருபவர், கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர், மின்கணக்கு எடுக்க வருபவர் யாராக இருந்தாலும் பின்பக்கம் கூட்டிக்கொண்டு வந்து காட்டுவார். "சத்தம் வருதா பாருங்க. தண்ணி தெறிக்குதா? அதான் சார் நீச்சல். மத்தவங்கல்லாம் துணி துவைக்கிறாங்க." ரத்னா தண்ணீருக்குள்ளிருந்தே தலையில் அடித்துக்கொள்வாள். இந்தப் பெருமையை நாற்பது வருஷமாக அடக்கிப் பார்த்தாள், அது அடங்கவில்லை.

அந்தக் குளத்துக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. எண்ணெய் வைத்த தலை உள்ளே இறங்கக் கூடாது. எண்ணெய் தண்ணீர் மட்டத்தில் மிதந்து போய் விளிம்பு டைல்ஸில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். அதை அரை எலுமிச்சம்பழத்தை வைத்துத் தேய்த்து எடுப்பவர் அவர்தான். விருந்தாளி வீட்டுக் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி உச்சந்தலையை முகர்ந்து பார்ப்பார். கயலின் மாமனார் முதல் தடவை சம்பந்தி வீட்டுக்கு வந்து, ஆசையாகக் குளிக்கத் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கப்போனபோது, அவரைச் சீயக்காய்த் தூளோடு குளியலறைக்குத் திருப்பி அனுப்பியவர் இவர். அந்த மனஸ்தாபம் தீர ஒரு தீபாவளி ஆயிற்று.

அப்படிப்பட்டவர்தான் இப்போது சட்டைப் பையில் எண்ணெய் டப்பாவோடு அலைகிறார்.

ரத்னாவுக்குக் கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. ஓரத்துப் பார்வை மட்டும் மிச்சம். எதிரில் இருப்பவரைப் பார்க்கவேண்டுமென்றால் அவருடைய காதைப் பார்க்கிறாள். இனி மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், போனது வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கண்ணுக்கு எல்லாம் எப்படித் தெரியும் என்று சண்முகசுந்தரம் திரும்பத் திரும்பக் கேட்டதில், உங்கள் கண்ணாடி நடுவில் எண்ணெய் பட்டால் எப்படித் தெரியுமோ அப்படி என்று டாக்டர் பேச்சுவாக்கில் ஒரு உதாரணம் சொன்னார். சொன்ன டாக்டர் மறந்திருப்பார். கேட்டவர் வீட்டுக்கு வந்து எண்ணெயைத் தடவிக்கொண்டு, அன்று ராத்திரி சாம்பாரைத் தயிரில் ஊற்றிக்கொண்டார்.

போன ஐப்பசியில் ரத்னா நீந்திக்கொண்டே போய்ச் சுவரில் நெற்றியை மோதிக்கொண்டாள். பிறகு ஒரு கையை முன்னால் நீட்டித் துழாவிக்கொண்டே நீந்த ஆரம்பித்தாள். கரண்ட் போன வீட்டில் தீப்பெட்டி தேடுகிற மாதிரி. தண்ணீரில் சத்தம் வந்தது. சண்முகசுந்தரம் யாரையும் பின்பக்கம் கூட்டிக்கொண்டு வருவதை நிறுத்திக்கொண்டார். நெற்றி வீக்கத்தைப் பார்த்துவிட்டு, வேளச்சேரியிலிருந்து வந்த கயல், போதும்மா, இந்த வயதில் எதற்கு என்றாள். அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள் ரத்னா. ரோடு தாண்டும்போது யாராவது கையைப் பிடித்தால் உதறிவிடுகிற ஆள் அவள். பாவம் என்ற சொல் காதில் விழுந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. கொஞ்ச நாள் கழித்து ஒரு காலையில், "பிளாஸ்டரெல்லாம் உதிருதுங்க. பேசாம மண்ணைக் கொட்டி மூடிட்டு முருங்கை வச்சிடலாம்" என்றாள்.

பிளாஸ்டர் உதிர்ந்துகொண்டிருந்தது நிஜம்தான். முட்டியில் சிராய்க்கும் அளவுக்குச் சொரசொரத்துப் போயிருந்தது. ஆனால் அவள் பிளாஸ்டரைப் பற்றிப் பேசவில்லை என்று அவருக்குத் தெரியும். கண்ணாடியில் எண்ணெயைத் தடவிக்கொண்டு போய்க் குளத்தைப் பார்த்தார். தரை வெளிர் நீலம், சுவர் வெளிர் நீலம், டைல்ஸ் வெளிர் நீலம், மேலே ஆகாயமும் அதே நீலம். சுவர் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை. ஆசை ஆசையாக அவரே தேர்ந்தெடுத்த நீலம் அது. படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். பிறகு எழுந்து போய்க் கொத்தனாருக்குப் போன் செய்தார். பிளாஸ்டரைச் சாக்காக வைத்து அவள் நிறுத்தப் பார்த்தாள். அதே பிளாஸ்டரைச் சாக்காக வைத்து அவர் தொடங்கினார்.

கொத்தனார் ஏசுராஜ், பாலவாக்கத்துக்காரர். அப்பா இன்னும் கடலுக்குப் போகிறார். இவர் ஈசிஆர் கடற்கரைச் சாலைப் பங்களாக்களில் நீச்சல் குளம் கட்டுகிறார். தொழிலில் பெயர் உள்ளவர், அந்தப் பெயரின் மேல் பிரியமும் உள்ளவர். வந்ததும் மொபைலில் படங்களைக் காட்டினார். "இப்போ எல்லாரும் டார்க் கிரேதான் சார் போட்டுக்கினு கீறாங்க. தண்ணி அப்படியே கடல் மாதிரி தெரியும்."

"கடல் உங்க பாலவாக்கத்துல இருக்கு. என் வீட்டுல எதுக்கு?" என்றார் சண்முகசுந்தரம்.

பூச்சு மாதிரிகளைக் கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்கிற ஆள் அவரில்லை. தண்ணீருக்குள் எப்படித் தெரியும் என்று பார்க்கவேண்டும். ஒரே அளவில், ஒரே வரிசையில், பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டும். யோசித்து யோசித்து, சமையலறையிலிருந்து இட்லித் தட்டைக் கொண்டுவந்தார். ஏசுராஜ் ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு கலவையைப் பூசிக் கொடுத்தார். வெள்ளைச் சிமெண்ட்டில் பளிங்குப் பொடி கலந்த பளீர் வெள்ளை, பச்சரிசி நிறம், மணல் நிறம், சாம்பல். காய்ந்ததும் தட்டைத் தண்ணீர் டிரம்மில் இறக்கிவைத்து, எண்ணெய்க் கண்ணாடியோடு உச்சி வெயிலில் குனிந்து நின்றார். பளீர் வெள்ளை தோற்றது. வெயில் பட்டதும் அது கூசி, எண்ணெய்ப் பொட்டு கண்ணாடி முழுக்கப் பரவின மாதிரி ஆகிவிட்டது. பச்சரிசி நிறம் அமைதியாக இருந்தது. தரைக்கு அதுதான் என்றார். இட்லித் தட்டு எங்கே என்று ரத்னா கேட்டதற்கு எதிர்வீட்டில் வாங்கிக்கொண்டு போனார்கள் என்று ஒரு பொய். அந்த வாரம் முழுக்க உப்புமா. உப்புமாவைக் கண்டாலே எழுந்து போகிறவர் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார்.

"என்னங்க, தலைக்கு எண்ணெய் வச்சீங்களா?" என்று ஒருநாள் முகர்ந்து கேட்டாள் ரத்னா.

முடி வளருகிறதா என்று பார்க்கிறேன் என்றார். முப்பது வருஷமாக அவர் தலை வழுக்கை.

தரை வெளிறினால் சுவர் கறுக்கவேண்டும். ஆசிஃபின் கடையில் பளபளவென்று ஒரு கறுப்பு டைல்ஸ் அவருக்குப் பிடித்துப்போய், ஒன்றை வாங்கிவந்து டிரம்மில் நிறுத்தினார். தண்ணீருக்குள் போனதும் அது மாமரத்தையும் மேகத்தையும் காட்டிவிட்டுத் தன்னைக் காட்ட மறுத்தது. திருப்பிக் கொண்டுபோனார். கடையிலேயே ஒரு வாளித் தண்ணீர் வைத்துவிட்டார் ஆசிஃப். பளபளப்பில்லாத கறுப்பு ஒன்று கடைசியில் நின்றது. அதுவும் போதவில்லை. சுவர் வருகிறது என்று முன்கூட்டியே சொல்ல ஏதாவது வேண்டும், ஒரு கை வீச்சுக்கு முன்னால். தரையில் இரண்டு முனையிலும் குறுக்காக ஒவ்வொரு பட்டை. சிவப்பு தண்ணீரில் மங்கியது, பச்சை ஓடி ஒளிந்தது. கெட்டி மஞ்சள்தான் எண்ணெயைத் தாண்டி வந்து நின்றது.

கறுப்பும் மஞ்சளுமாகக் கடையிலிருந்து வந்த இரண்டு பெட்டிகளையும் பிரித்துப் பார்த்த ஏசுராஜ் தலையில் கைவைத்துவிட்டார். "இன்னா சார் இது? குளம் கட்றமா, ஆட்டோ ஸ்டாண்டு கட்றமா? யார் கட்னதுன்னு கேட்டா என் பேரைச் சொல்லாத சார்."

சண்முகசுந்தரத்துக்குச் சுருக்கென்றது. ஆனாலும் கட்டு என்றார். கயல் போனில் வந்த டைல்ஸ் படத்தைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று அம்மாவிடம் கேட்டாள். வீட்டில் ஒரு மூலையாவது என் இஷ்டப்படி இருக்கட்டுமே என்று அவர் முறைத்துக்கொண்டார். வேலை நடந்த நாட்களில் ரத்னா பின்பக்கமே வரவில்லை. முருங்கைக் கொம்பு ஒன்றைச் சொல்லி வாங்கி, தொட்டியில் சாய்த்து வைத்திருந்தாள். அதைக் கடந்து போகும்போதெல்லாம் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இந்த மஞ்சளும் கறுப்பும் பொய்த்துப்போனால் அந்தக் கொம்பு குளத்தில்தான் நடப்படும்.

லாரித் தண்ணீர் வந்து நிறைந்தது. இரண்டொரு நாள் தெளியவிட்டு, ஒரு காலையில் ரத்னா படியில் இறங்கினாள். தன் வேலை எப்படி நிற்கிறது என்று பார்க்க ஏசுராஜும் வந்திருந்தார். சண்முகசுந்தரம் மாமரத்தடியில் துண்டோடு நின்றார். கண்ணாடியில் அன்றைக்கு எண்ணெய்ப் பொட்டு சற்றுப் பெரிதாகவே இருந்தது. அவள் பார்ப்பதைத்தான் அவரும் பார்க்கவேண்டும்.

முதல் தடவை கையை நீட்டித் துழாவிக்கொண்டேதான் போனாள். மஞ்சள் பட்டைக்கு மேலே போனதும் ஒரு கணம் நின்றாள். தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தாள், பிறகு கறுப்புச் சுவரைப் பார்த்தாள். கையால் அதைத் தொட்டாள். திரும்பினாள். திரும்பி வருகையில் கை நீளவில்லை. இந்தப் பக்கத்துப் பட்டை வந்ததும் உடம்பு தானாக ஒடுங்கி, சுவரை ஒட்டிச் சுருண்டு, காலால் உதைத்துக்கொண்டு மீண்டும் போயிற்று. பிறகு இன்னொரு தடவை. இன்னொரு தடவை.

"சார், தண்ணி சத்தமே கேக்கல சார்" என்றார் ஏசுராஜ் மெதுவாக. சற்றுப் பொறுத்து, "யார்னா கேட்டா என் பேரையே சொல்லு சார்" என்றார்.

சண்முகசுந்தரம் துண்டை உதறி மறு தோளில் போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

ரத்னா அவர் நின்ற பக்கம் நீந்தி வந்து, கரையைப் பிடித்துக்கொண்டு, அவருடைய காதைப் பார்த்தாள். பிறகு ஈரக் கையை நீட்டினாள்.

"கண்ணாடியக் குடுங்க."

குந்தி உட்கார்ந்து கழற்றிக் கொடுத்தார். அவள் அதைக் குளத்துத் தண்ணீரிலேயே முக்கி, கட்டைவிரலால் இரண்டு வில்லைகளையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். வானவில் நிறத்தில் எண்ணெய் படலமாகக் கிளம்பியது.

"தலையில முடியே இல்லாத மனுஷனுக்கு எதுக்குங்க இத்தனை எண்ணெய்?"

எட்டி அவர் மூக்கின் மேல் கண்ணாடியைத் தடவித் தடவி மாட்டிவிட்டு, கறுப்புச் சுவரை உதைத்துக்கொண்டு போனாள். எண்ணெய் மெல்ல மிதந்து வந்து புது டைல்ஸில் ஒட்டியது. சண்முகசுந்தரம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. வாசலில் பேப்பர்காரரின் சைக்கிள் மணி கேட்டதும், கண்ணாடியில் தண்ணீர் சொட்டச் சொட்ட, அவரைக் கூட்டிவர ஓடினார்.