எந்த லெவல்

மாரிகுப்பத்துப் புத்தர் கோயில் கூடத்தில் ஷியாட்சு என்று, ஜப்பான்காரர்கள் போலக் கை கால் அமுக்கிவிடச் சொல்லித் தருகிறார்கள். வாதத்தில் பேச்சும் போய்ப் படுத்திருக்கும் என் வீட்டுக்காரருக்காக வேலூரிலிருந்து வந்திருக்கிறேன். நாங்கள் அமுக்கிப் பழகுவதற்காகக் காலை நீட்டிப் படுத்திருக்கிறார், இந்த ஊர்த் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு பெரியவர். தொடக் கூச்சமாயிருக்கிறது.

"இன்னாம்மா, மேலயே நின்னுகினு இருக்கீங்க? சுரங்கத்துல எறங்குற மாதிரி லெவல் லெவலா எறங்குங்க."

டீச்சரம்மா சொன்னபடி கட்டைவிரலை வைத்து உடம்பைச் சாய்க்கிறேன்.

"இன்னும் ரெண்டு லெவல் கீழ... ஆங், நில்லுங்க. வலி இங்கதான் குந்திகினு இருக்குது."

"எங்க வீட்டுக்காரரால சொல்ல முடியாதே ஐயா. எந்த லெவல்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பெரியவர் அதற்குள் தூங்கிவிட்டார். விரலைக் கெண்டைக்காலுக்கு நகர்த்தி மறுபடி சாய்கிறேன். சதை முதலில் கல்லாக எதிர்க்கிறது, பிறகு இளகி வழி விடுகிறது. யாரும் சொல்லாமலே என் விரல் ஓரிடத்தில் நிற்கிறது.