படிக்க முடியாமல் போன ஒரு நாள்

காய்கறி வாங்க பாசாருக்குப் போன என் மனைவி அன்று திரும்பவில்லை. வழியிலேயே மாரடைப்பு. அவள் கிளம்பியபோது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். ஆனால் வாசல் கேமரா பார்த்திருக்கும். பழைய பதிவுகள் அழிவதற்குள் மெமரி கார்டைக் கழற்றி வைத்தேன்.

கணினியில் போட்டால், நகலெடுப்பு அந்த நாளில் வந்து நின்றுவிட்டது. திரும்பத் திரும்ப முயன்றேன். கார்டு சுட்டது. கிள்ளானிலிருந்து ரயிலேறி பிரிக்பீல்ட்ஸில் கணினி பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன்.

"போதும் லா அங்கிள்," என்றாள் கடைக்காரப் பெண். "அந்த இடம் கெட்டுப்போச்சு. அதையே படிக்கச் சொல்லிக்கிட்டிருந்தா முழு கார்டும் போயிரும். அதத் தாண்டி மத்தத முதல்ல எடுத்துடுவோம். கடைசியா அதுக்கு ஒரு தடவ டிரை பண்றேன்."

"அந்த நாள்தாம்மா எனக்கு வேணும்."

"மத்த நாள்லயும் ஆன்டிதானே இருக்காங்க?"

தலையாட்டினேன். மற்ற நாட்கள் எல்லாம் வந்தன. அந்த நாள் மட்டும் கடைசிவரை வரவில்லை.

இப்போது மாலையில் தனியாக உட்கார்ந்து பார்க்கிறேன். பையை எடுத்துக்கொண்டு போகிறாள். சற்று நேரத்தில் வந்து, வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள். எனக்கு மிஞ்சிய நாட்கள் எல்லாவற்றிலும் அவள் வீடு திரும்பிவிடுகிறாள்.