சோப்புப் போட்டுக் கழுவிய பிஎச் மீட்டர்

மல்லிகையில் மொட்டுப்புழு. இன்று மருந்து அடித்தே ஆக வேண்டும். எங்கள் சாணார்பட்டித் தோட்டத்து போர்த் தண்ணீரில் காரம் அதிகம். பிஎச் பார்த்துக் குறைக்காமல் கலந்தால் மருந்தின் வீரியம் போய்விடும்.

முந்தாநாள் மீட்டரை இரவல் வாங்கிப்போன பக்கத்துத் தோட்டத்து மாமா, விடிந்ததும் கொண்டுவந்தார்.

"சோப்புப் போட்டு நல்லாக் கழுவி, நேத்துப் பூரா வெயில்ல காய வச்சேன் தாயி. மூடிக்குள்ள ஏதோ அழுக்குத் தண்ணி கெடந்துச்சு. அதையும் கொட்டிட்டேன்."

மீட்டரின் முனை காயவே கூடாது. அதற்காகத்தான் மூடிக்குள் அந்தக் கரைசலை ஊற்றி வைத்திருந்தேன்.

ஒரே வாளித் தண்ணீரில் திரும்பத் திரும்ப முக்கிப் பார்த்தேன். ஆறு என்றது. ஒன்பது என்றது. பிறகு ஏழு. எதை நம்பிக் கலப்பது? திண்டுக்கல் கடைக்குப் போன் போட்டால், கரைசல் வர அடுத்த வாரம் ஆகுமாம். புழு அதுவரை காத்திருக்குமா?

பல்லைக் கடித்துக்கொண்டு, "மீட்டர் தப்பாக் காட்டுது மாமா" என்றேன்.

அவர் வாளியை எட்டிப் பார்த்தார். "என் தண்ணிக்கு ஒழுங்காத்தானே காட்டுச்சு. மீட்டரு நல்லாத்தான் இருக்கு. ஓந் தண்ணிதான் சரியில்ல தாயி."

போகும்போது, "நாளைக்குச் செத்த நேரம் குடு, மருமகன் தோட்டத்துலயும் பாக்கணும்" என்றார்.

மருந்துப் பாட்டிலைத் திறக்காமலே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உறவு கெடாமல் 'தர முடியாது' என்று சொல்லத் தெரிந்தவர்கள், தயவுசெய்து கமெண்டுக்கு வாருங்கள்.