மோட்டாருக்குப் போட்ட மாலை

அடையாற்றுப் பாலத்தருகே மகன் மோட்டாரை நிறுத்துகிறான். வண்டியின் முன்மூடிமேல் பொருத்திய கண்ணாடிக் குழலில் என்ஜின் சூடு காட்டும் சிவப்புக் கோடு ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. ராகுகாலத்துக்கு முன்னால் மயிலாப்பூர் போகாவிட்டால் என் தம்பி மகள் நிச்சயதார்த்தம் தள்ளிப்போகும். தாம்பூலத் தட்டு என் மடியில் இருக்கிறது.

பாலத்தோரம் மோட்டார்ப் பட்டறை வைத்திருக்கும் பாய் வந்து குனிந்து பார்த்துச் சிரிக்கிறார்.

"வண்டி மூச்சு வுடற சல்லடைமேல இம்மாம் பெரிய மாலை யாரு போட்டது? மாலை காத்துல ஒதுங்குனா சூடு எறங்குது, மூடிக்கினா ஏறுது."

"நான்தான். திருஷ்டி படக்கூடாதில்ல?"

அவர் மாலையைக் கழற்றிவிட்டு வண்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். கோடு இறங்கி அடங்குகிறது.

"மாலை வாடாம கீது. தட்டைப் பாத்தா விசேஷத்துக்குப் போறாப்பல கீது, கல்யாணப் பொண்ணுக்குப் போடும்மா."

"நல்லாச் சொன்னே பாய்! மோட்டார் போட்டுக்கிட்ட மாலையைப் பொண்ணு போட்டுக்கிட்டா, அப்புறம் மாப்பிள்ளை எதுக்கு?"

மகன் சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்புகிறான்.